வாயை மூடிக்கொள்ளப் படிக்கிறேன்

ஜனவரி 9, 2025, வியாழன்
பெண்களுக்கான கட்டணமில்லா பஸ் பற்றிய என் ஆய்வுக்கான முதல் நேர்காணல் ஊத்திக்கொண்டது. மாட்டுத்தாவணியில் பூ வாங்கித் தெருவில் விற்கும் ஒரு அக்காவிடம், "கட்டணமில்லா பஸ் உங்களுக்கு உதவியா இருக்கா?" என்று கேட்டேன். "ஆமாம்மா." அவ்வளவுதான். பதினேழு கேள்வியும் பதினொரு நிமிடத்தில் காலி. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து நீட்டினால் வேறென்ன சொல்வார்? கைடு மேடம் பதிவைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். நேற்று காலை எழுந்ததிலிருந்து சொல்லச் சொல், அப்புறம் வாயைத் திறக்காதே என்றார்.

ஜனவரி 18, சனி
பொங்கல் கூட்டம் ஓய்ந்து அக்காவுக்கு இன்று நேரம் இருந்தது. நாரில் மல்லிகை கட்டிக்கொண்டே விடியற்காலை மார்க்கெட்டைப் பற்றிச் சொன்னார், நடுவில் நிறுத்தினார். அடுத்த கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, விழுங்கினேன். நாலைந்து கண்ணி கட்டியபிறகு அவராகவே, "ஓசி டிக்கெட்டு, இதுல கூடை வேறயான்னு ஒருத்தர் சொல்லிட்டார் பாப்பா, அன்னைக்குப் பூரா மனசு சரியில்ல. இப்ப சாயங்காலம் ஷேர் ஆட்டோதான்" என்றார்.
கேள்வித்தாள் கொடுத்திருந்தால் இவர் 'பயனடைந்தவர்' கட்டத்தில் ஒரு டிக்.

ஜனவரி 20, திங்கள்
42 நிமிடப் பதிவை எழுத்தாக்க ஐந்து மணி நேரம். 'ஓசி'யை இலவசம் என்று மாற்றி எழுதியிருந்தேன், படித்தால் சொன்னதன் சூடே இல்லை, அழித்துவிட்டுப் பழையபடி ஓசி என்றே போட்டேன். கோடிங்கிலும், அதாவது பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறிப்பெயர் வைக்கும் வேலையிலும், அதே கதைதான்: முதலில் 'சமூக அவமதிப்பு' என்று ஓரத்தில் எழுதினேன், பிறகு அவர் சொல்லையே குறியாக்கினேன், 'மனசு சரியில்ல'. இதற்கு இன் விவோ கோடிங் என்று பெயராம்.
பூத்தண்ணீர் பட்டு நோட்டில் இரண்டு பக்கம் கரைந்துவிட்டது. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948-இல் ராம்புரா என்ற கர்நாடகக் கிராமத்தில் எடுத்த குறிப்புகளைப் பல வருடம் ஒழுங்குபடுத்தி வைத்திருக்க, 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் மூன்று பிரதிகளும் போய், அந்த ஊரை நினைவிலிருந்தே புத்தகமாக எழுதினார். எனக்கு முந்தாநாள் சாப்பிட்டதே ஞாபகமில்லை. இனி அன்றன்றைக்கே டைப் அடித்துவிட வேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி
'ஓசி என்றால் கூச்சம்' என்று ஒரு கருப்பொருளே தயார் செய்து வைத்திருந்தேன். இன்று இன்னொரு பூக்கார அம்மா, "ஓசியா? நான் கட்டுற வரியிலதானே பஸ் ஓடுது!" என்று சிரித்தார். கிடைக்கும் தகவல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே போ என்று சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-லேயே சொன்னது இதற்குத்தான் போல. இவர் பஸ்ஸில் கடைசி சீட்டு, கூடை மடியில். அந்த அக்கா எங்கே உட்காருவார் என்று நான் கேட்கவே இல்லை. நாளைக்கு நாலு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.