கடைசி ஸ்டட் முறியாமல் கழன்றது

மூன்று வார சனி ஞாயிறைத் தின்ற வேலை. நேற்று விடியற்காலை கொட்டகலைக் குளிரில் ஸ்டார்ட் செய்தேன், அந்த டிக் டிக் இல்லை! நம்முடையது பழைய கொரோலா கேஈ70, 4கே எஞ்சின். குளிரில் தையல் மெஷின் மாதிரி அடிக்கும், ஹட்டன் போய்ச் சேர்வதற்குள், எஞ்சின் புகையை வாங்கி வெளியே அனுப்பும் எக்ஸோஸ்ட் மெனிஃபோல்ட் சூட்டில் விரிந்து இடைவெளி அடைபட, சத்தமும் போய்விடும். அதனால் டெப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்றே நினைத்து வால்வு கிளியரன்ஸை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். புகை வெளியேறும் நாலாவது போர்ட்டுக்குக் கீழே கரி படிந்திருந்ததைக் கண்ட பிறகுதான், ஹெட்டுக்கும் மெனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் வழியே புகை கசிகிறது என்று விளங்கியது.

மெனிஃபோல்டைக் கழற்றப் போனால், மற்ற நட்டெல்லாம் வந்துவிட்டன. எஞ்சினையும் காரின் உட்புறத்தையும் பிரிக்கும் தகட்டை ஒட்டியிருக்கும் கடைசி ஒன்று மட்டும் அசையவில்லை, ஸ்பேனர் திரும்பவும் இடமில்லை. அழுத்தி இழுத்தபோது ரப்பர் மாதிரி இளகுவது கைக்குத் தெரிந்தது, அதோடு நிறுத்தினேன். அதற்கு மேல் ஓர் இழுப்பு இழுத்தால் ஸ்டட் (நட் பூட்டியிருக்கும் மரைக்கம்பி) முறியும், அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டியதுதான். பெட்ரோல் குழாயையும் கார்பரேட்டரையும் அப்புறப்படுத்திவிட்டு, காஸ் டோர்ச்சால் நட்டை மட்டும் சூடாக்கி மெழுகுதிரியைத் தொட்டேன். மெழுகு உருகி மரைக்குள் இழுபடும். ஆறவிட்டு மறுபடி சூடு, மறுபடி மெழுகு. கழற்றும் பக்கமே இழுக்காமல் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி. ஐந்தாவது தடவை கிர்ரென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அந்தச் சத்தத்துக்காக இன்னும் மூன்று வாரம் கொடுப்பேன்.

முன்பு யாரோ கேஸ்கட்டின் மேல் சிலிக்கான் அப்பியிருந்தார்கள். மெனிஃபோல்ட் முகத்தில் நேர்தகடு வைத்துப் பார்த்தால் 0.4 மி.மீ. வளைவு, அதில் எந்தக் கேஸ்கட் நிற்கும்? இந்த எஞ்சினில் இன்டேக் மெனிஃபோல்டும் (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழி) எக்ஸோஸ்டும் ஒரே பக்கம், ஒரே கேஸ்கட். ஆகவே இரண்டையும் ஒன்றாகப் பூட்டியே முகத்தைச் சீவச் சொல்லுங்கள், தனித்தனியாகச் சீவினால் மட்டம் ஒன்றாகாது. லேத் கடை அண்ணன் முதலில் மறுத்தார், பிறகு பொறுமையாகச் செய்து கொடுத்தார்.

பூட்டும்போது நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றில் இறுக்கினேன். ஒரு தடவை சூடாகி முழுதும் ஆறிய பிறகு இன்னொரு சுற்று. கேஸ்கட் பஞ்சிகாவத்தையில் இரண்டாக வாங்கி வைத்தேன், மலைக்கு ஏறி வந்துவிட்டு மறுபடி கொழும்பு போக முடியாது.

சைலன்சர் கிளாம்ப் இன்னும் கம்பியில்தான் தொங்குகிறது. ஆனால் கார்பரேட்டர் கிட் வந்துவிட்டது, மேசையில் பிரித்தும் வைத்தாயிற்று.