முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள்

பாட்டியை நான் முதன்முதலாக ஃபிளாஷ் போட்டு எடுத்த படம் இன்னும் என் கணினியில் இருக்கிறது. நெற்றியும் மூக்கும் பளபளக்கின்றன. கன்னத்துச் சுருக்கங்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன. பின்சுவரில் கன்னங்கரேலென்று ஒரு நிழல், மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள். அதைப் பார்த்த அன்றே ஃபிளாஷை அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு வருடம் ஜன்னல் வெளிச்சத்தை மட்டுமே நம்பிப் படம் எடுத்தேன்.

பழியை ஃபிளாஷ் மேல் போட்டிருந்தேன். உண்மையில் அது நின்ற இடம்தான் கோளாறு. லென்ஸ் பார்க்கிற திசையிலேயே ஒளியும் போனால், நிழல்கள் எல்லாம் முகத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். மூக்கின் உயரமும் கன்னத்தின் வளைவும் நமக்குத் தெரிவதே நிழலால்தான். கண்மணி சிவப்பாக விழுவதற்கும் இதே காரணம்: லென்ஸை ஒட்டி நிற்கும் ஃபிளாஷின் ஒளி விழித்திரையில் பட்டு, அப்படியே லென்ஸுக்குள் திரும்பி வருகிறது.

கேமராவோடு சேர்ந்தே வரும் குட்டி ஃபிளாஷை, பெரும்பாலான மாடல்களில், திருப்ப முடியாது. தலைப்பகுதி மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் சுழலுகிற தனி ஃபிளாஷ் ஒன்று வேண்டும். அது கையில் இருந்தால், தலையை முகத்திலிருந்து திருப்பிப் பக்கத்துச் சுவரைப் பார்க்க வையுங்கள். இப்போது முகத்துக்கு ஒளி தருவது உள்ளங்கை அளவுக்குக்கூட இல்லாத அந்தச் சின்னக் கண்ணாடி இல்லை, அந்தச் சுவர். ஒளி வரும் பரப்பு பெரிதாகப் பெரிதாக நிழலின் ஓரம் மெத்தென்று கரையும். எந்த ஜன்னல் வெளிச்சத்துக்காகக் காத்திருந்தேனோ, அதையே எனக்குப் பிடித்த பக்கத்தில், இரவு எட்டு மணிக்கு உண்டாக்க முடிந்தது. முதல் முறை அதைத் திரையில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

சுவரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். பச்சைச் சுவரில் அடித்தால் முகமும் பச்சை பூசிக்கொள்ளும், அதனால் வெள்ளைதான் நல்லது. ஆளின் தலைக்கு நேர் மேலே இருக்கும் கூரையில் அடித்தால் கண்குழிகள் இருண்டுவிடும். பக்கவாட்டில், கொஞ்சம் மேலே பார்த்தபடி வைப்பது எனக்குச் சரிப்படுகிறது. சுவருக்குப் போய் வருவதற்குள் ஒளி நிறையக் குறைந்துவிடும். அதனால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவை, 800 வரை ஏற்றத் தயங்க வேண்டாம்.

அப்புறம், எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆன ஒரு விஷயம். ஃபிளாஷ் போடும்போது ஒரே படத்தில் இரண்டு வெளிச்சங்கள் பதிகின்றன: அறையின் வெளிச்சம், ஃபிளாஷின் வெளிச்சம். லென்ஸ் துளையின் அளவான அபர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் மாற்றும். ஷட்டர் வேகமோ, அதாவது ஒளியை உள்ளே விடும் திரை திறந்திருக்கும் நேரமோ, அறை வெளிச்சத்தை மட்டும்தான் மாற்றும். ஃபிளாஷ் மின்னி முடிய வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான் ஆகும். ஷட்டர் அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஃபிளாஷுக்கு அதில் வேலை இல்லை. 1/200 வினாடியில் எடுத்தால் முகம் மட்டும் தெரிந்து பின்னணி இருண்டிருக்கும். வேறு எதையும் தொடாமல் 1/60-க்கு இறக்கினால், பின்னால் எரியும் விளக்கும் சுவரும் மெல்ல எழுந்து வரும். முகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250-ஐத் தாண்டினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும், ஷட்டர் திரை குறுக்கே வந்துவிடுவதால்.

ஆகவே நான் முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுப்பேன். அறை கொஞ்சம் மங்கலாக, ஆனால் அழகாகத் தெரிகிற வரை ஷட்டரைச் சரிசெய்வேன். அதன் பிறகுதான் ஃபிளாஷ், அதுவும் சக்தியை நானே வைக்கிற மேனுவலில், முழுச் சக்தியில் 1/16 பங்கில் தொடங்கி. தானாக அளந்துகொள்ளும் டிடிஎல் வசதியானதுதான். ஆனால் கற்றுக்கொள்கிற காலத்தில் மேனுவல்தான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மஞ்சள் குண்டு பல்பு எரிகிற அறையில் ஃபிளாஷ் முகத்தை நீலமாகக் காட்டும். ஃபிளாஷின் மேல் ஆரஞ்சு ஜெல், அதாவது ஒளி ஊடுருவும் நிறத் தாள், ஒட்டி, கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை பல்புக்கு மாற்றினால் போதும்.

பாட்டியை மறுபடி உட்கார வைத்தேன். இந்த முறை சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, நிழல் பின்னால் ஒட்டாத மாதிரி. ஃபிளாஷின் தலை இடப்பக்கச் சுவரைப் பார்த்தது. அபர்ச்சர் எஃப்/4, ஷட்டர் 1/60, ஐஎஸ்ஓ 800. கண்ணாடியில் மட்டும் பளபளப்பு மிச்சம் இருந்தது. காதுக்குப் பின்னால் போகும் கம்பிகளை ஒரு விரல் அகலம் தூக்கி வைத்தேன். கண்ணாடி சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்ததும் பளபளப்பு தரைப் பக்கம் போய்விட்டது. அந்தப் படத்தில் பாட்டியின் சுருக்கங்கள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. இரண்டு கண்களும் தெளிவாகத் தெரிகின்றன, ஒவ்வொன்றிலும் அந்த வெள்ளைச் சுவர் குட்டியாக மின்னுகிறது.