படுவான்கரையில் ஒரு சம்மதப் படிவம்

இலங்கையின் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் படித்தபோது, இறுதியாண்டு ஆய்வுக்காக உயர் இரத்த அழுத்தத்தைத் தேர்ந்தெடுத்து, மட்டக்களப்பு வாவியைக் கடந்து படுவான்கரைக் கிராமமொன்றுக்குச் சென்றேன்.

ஆய்வில் பங்கேற்போரிடம் ஒப்பம் பெறுவதற்காக நான் எழுதிய சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டியதும், வயலிலிருந்து அப்போதுதான் வந்த ஒரு தாய், "மகள், இதில ஒப்பம் வச்சா எண்ட சமுர்த்திக் காச நிப்பாட்டிருவாங்களா?" என்று, அரசு தரும் சமுர்த்தி உதவித்தொகையை நினைத்துக் கேட்டார். பங்கேற்பது அவரவர் விருப்பம், அதனால் எந்த உதவியும் நிற்காது என்ற விடை படிவத்தில் இருந்தது. ஆனால் 'தன்னார்வப் பங்கேற்பு' என்ற சொல்லுக்குள் அது மறைந்து கிடந்தது. மேற்பார்வையாளரிடம் பேசி, எளிய தமிழில் மாற்றி எழுதி, நெறிமுறைக் குழுவின் அனுமதியை மீண்டும் பெற்ற பின்னரே (இரண்டு வாரங்கள் சென்றன, அது வீணான காலமல்ல) அங்கே திரும்பினேன். இம்முறை அவர் தயங்காமல் ஒப்பமிட்டார்.

இரத்த அழுத்தத்தை அளப்பதற்கும் அதே பொறுமை வேண்டும். வெயிலில் நடந்து வந்தவரை 5 நிமிடமாவது முதுகு சாய்த்து அமரச் செய்து, பாதங்களைத் தரையில் ஊன்றவைத்து, கையை நெஞ்சின் மட்டத்தில் தாங்கி, பேசாதிருக்கச் சொல்லி அளக்க வேண்டும். இல்லையெனில் உயர் இரத்த அழுத்தத்துக்கான 140/90 என்ற எல்லைக்குக் கீழே இருப்பவரையும் நோயாளியாகப் பதிந்துவிடுவோம். அந்தத் தாயின் மெலிந்த புயத்துக்கு நான் கொண்டுபோன, அளக்கும்போது புயத்தைச் சுற்றிக் கட்டும் பட்டி பெரிதாக இருந்தது. பெரிய பட்டி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால், மறுநாள் சிறிய பட்டியுடன் சென்று மீண்டும் அளந்தேன்.