ரோத்தே தீவில் ஒரு பாசிப் போகம்

ராமநாதபுரம் கடற்கரையில் பாசி வளர்க்கும் பெண்கள் குழுக்களோடு பல வருஷமாக வேலை செய்கிறேன். மண்டபம் பக்கம் மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி நம் கடலுக்கு 1990களில் வந்தது. இந்தோனேசியாவில் அதை நம்பிக் கரையோரம் எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் இருக்கின்றன. உலகத்திலேயே இதை அதிகம் விளைவிக்கும் நாடும் அதுதான். விதைப்பாசி கட்டுவதில் தொடங்கி காசு கைக்கு வருகிறவரை ஒரு போகம் முழுக்க அங்கே இருந்து பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. தைமூருக்குத் தென்மேற்கே, நாட்டின் தெற்கு விளிம்பில் இருக்கும் ரோத்தே தீவில் அது நடந்தது. நம் குழுக்களில் இருந்து இன்னும் சிலர் போக நினைப்பதால், எப்படிப் போனேன், அங்கே என்ன பார்த்தேன் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் அங்கே போய் இறங்கியதும் விசா வாங்கிக்கொள்ளலாம். 5 லட்சம் ரூபியா கட்டினால் 30 நாள். இன்னொரு 30 நாளுக்கு ஒரே ஒரு முறை நீட்டிப்பார்கள், அதற்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பாசி முற்ற 45 நாள் ஆகிறது. காயவைத்து விற்க மேலும் சில நாள் வேண்டும். அதனால் போய் இறங்கிய வாரமே விதை கட்டத் தொடங்கினால்தான் விற்பனைவரை இருந்து பார்க்க முடியும். போகும் தேதியை முடிவு செய்யும் முன்பே, பெரிய வற்று, அதாவது கடல் நன்றாக வடிந்து கிடக்கும் நாட்கள், எந்த வாரம் வருகிறது என்று நான் தங்கப்போகும் வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும்: இந்த விசாவில் கூலிக்கு வேலை செய்யக் கூடாது. நான் விருந்தாளியாகத் தங்கி, தங்கியதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்தேன். கடலில் கூட நின்றதற்கு ஒரு காசும் வாங்கவில்லை.

பாலி வழியாக குபாங் நகரம்வரை விமானம். அங்கே தெனாவ் துறையில் விரைவுப் படகு ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ரோத்தேயின் தலைநகரான பாஆ. வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் பெரிய கப்பல் பொலோக் துறையிலிருந்து கிளம்புகிறது, அதற்கு நான்கு மணி நேரம் பிடிக்கும். இடையில் இருக்கும் புக்குவாஃபு நீரிணை பொல்லாதது. காற்று ஏறினால் படகை நிறுத்திவிடுவார்கள், அது எத்தனை நாளுக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. திரும்பி வரும் விமானத்துக்கு முன்னால் நாலைந்து நாளாவது இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள். பாஆவிலிருந்து மேற்குக் கரைக்கு வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அலைச்சறுக்குக்காக வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கும் நெம்பெராலா அந்தப் பக்கம்தான். நான் தங்கியது அதை அடுத்த ஒரு சிற்றூர்.

ஊருக்குள் போனதும் முதல் வேலை தேசா அலுவலகம், அதாவது நம் ஊராட்சி அலுவலகம் மாதிரி. வெளிநாட்டார் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கார அம்மா என்னைக் கூட்டிப் போய் ஊர்த் தலைவர் முன்னால் உட்காரவைத்தார். பாஸ்போர்ட் நகலை எடுத்துக்கொண்டார்கள், காப்பி வந்தது. பிறகு கேள்விகள்: கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள், எந்த மதம், உங்கள் ஊரில் பாசி என்ன விலை. கடைசிக் கேள்விக்கு அறையில் இருந்த எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு அங்கே பேச எனக்கு இருந்த இந்தோனேசிய மொழி ஆறு மாதம் போனில் படித்தது. அதுவே போதுமாக இருந்தது. ஆனால் கொஞ்சமாவது பேசத் தெரியாமல் போகாதீர்கள், அந்த ஊரில் ஆங்கிலம் உதவாது.

இனி பாசி. நாம் மூங்கில் மிதவை கட்டுகிறோம். அங்கே பவளப் பாறைக்கும் கரைக்கும் நடுவே பரந்து கிடக்கும் ஆழமில்லாத கடலில் மணலில் முளையடித்து, முளைக்கு முளை கயிறு இழுத்துக் கட்டுகிறார்கள். கயிற்றில் ஒரு சாணுக்கு ஒன்றாகச் சின்ன நைலான் சுருக்கு. ஒவ்வொரு சுருக்கிலும் ஒரு கைப்பிடிக்கும் குறைவான விதைப்பாசி. கட்டும் வேலை முழுக்கக் கரையில், ஓலைக் கொட்டகை நிழலில் நடக்கிறது. பெண்களும் பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து கட்டுவார்கள். ஊர்க்கதை அத்தனையும் அங்கேதான். சொந்தக் கயிறு இல்லாத கிழவிகள் அடுத்தவர் கயிற்றைக் கட்டிக் கொடுத்து, கயிற்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். நடக்க முடியாத ஒரு பாட்டியும் அப்படிச் சம்பாதித்துப் பேரனுக்குப் பேனா வாங்கிக் கொடுத்ததைப் பார்த்தேன். மீன்பிடித் தொழிலில் அந்த வயதுப் பெண்ணுக்கு ஒரு காசும் கிடைத்திருக்காது. பாசியை நான் இவ்வளவு மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

விதை எடுக்கும் விதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக வளர்ந்த செடியின் இளம் நுனிகளை மட்டும் கூர்மையான கத்தியால் அறுக்கிறார்கள், கையால் பிய்ப்பதில்லை. பிய்த்த இடம் நைந்து அழுகலுக்கு வழிவிடும் என்றார் வீட்டுக்கார அம்மா. அறுத்ததை ஈரச் சாக்கு போட்டு மூடி, அன்றைக்கே கட்டி, அன்றைக்கே கடலில் இறக்கிவிடுகிறார்கள்.

கடலுக்குள் போகும் நேரத்தை நிலா சொல்கிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய பெரிய வற்றில் முழங்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். அந்தச் சில நாளில் ஊரே கடலுக்குள் இருக்கும். மற்ற நாளில் சின்ன வள்ளத்தில் போய், கயிற்றைத் தூக்கி உதறி, ஒட்டிய சேற்றையும் வேண்டாத பாசியையும் கழற்றுவார்கள். ஓரா மீன் கூட்டம் நுனியை மேய்ந்துவிடும், ஆமையும் வரும். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் கால் வைப்பதில்லை. தீவில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட் கிறித்தவர்கள், தேவாலயத்துக்குப் போய்விடுவார்கள்.

மூன்றாவது வாரம் எங்கள் கயிறுகள் சிலவற்றில் தண்டு வெளுத்தது. நம் பெண்களுக்குத் தெரிந்த அதே நோய்தான். ஐஸ்-ஐஸ் என்கிறார்கள். தண்ணீர் சூடேறினாலும் உப்பு குறைந்தாலும் செடி தளர்கிறது, பாக்டீரியா புகுந்துகொள்கிறது, வெளுத்த இடத்தில் தண்டு முறிந்து விழுகிறது. அதற்கு மருந்து கிடையாது. வெளுத்த பகுதியை அறுத்துக் கரைக்குக் கொண்டுவந்து போட்டார்கள், கடலிலேயே வீசவில்லை. மிச்சத்தில் தேறியதை ஓட்டம் உள்ள ஆழமான பக்கத்துக்கு மாற்றிக் கட்டினார்கள். வீட்டுக்காரர் முன்பே கயிறுகளை மூன்று இடத்தில் பிரித்துப் போட்டிருந்தார். ஒரே இடத்தில் இருந்திருந்தால் போகமே போயிருக்கும்.

இந்தக் கரை பாசியை இழந்து பார்த்த கரை. 2009 ஆகஸ்டில் ஆஸ்திரேலியக் கடற்பகுதியில் மொண்டாரா எண்ணெய்க் கிணறு வெடித்து, இரண்டு மாதத்துக்கு மேல் எண்ணெய் கசிந்தது. பாசி வெளுத்துக் கரைந்து போனதை வீட்டுக்காரர் இன்றைக்கும் நேற்று நடந்த மாதிரி சொல்கிறார். கட்டினால் சாகும், திரும்பக் கட்டினால் திரும்பச் சாகும். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை நிறுத்திய வீடுகள் உண்டு. ரோத்தேயையும் குபாங்கையும் சேர்ந்த 15,000க்கும் மேற்பட்ட பாசி விவசாயிகளுக்காக சிட்னியில் வழக்கு நடந்தது. ரோத்தே விவசாயி டேனியல் சாண்டா அதை முன்னின்று நடத்தினார். 2021 மார்ச்சில் நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2022இல் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர உடன்பாடு ஆனது. படிப்பறிவு குறைந்த கரையோர மக்கள் இன்னொரு நாட்டு நீதிமன்றத்தில் போய் இதை வென்றார்கள். நம் கடற்கரையில் இந்தக் கதையை எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். தீர்ப்பு வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது, 2021 ஈஸ்டர் சமயத்தில் செரோஜா புயல் வந்து முளையையும் கயிற்றையும் மறுபடி வாரிக்கொண்டு போனது.

அறுவடை வற்றில் நடந்தது. கயிற்றோடு அவிழ்த்து வள்ளத்தில் போட்டுக் கரை சேர்த்து, அடுத்த போகத்துக்கு விதையை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்தைக் காயப் போட்டார்கள். காயவைப்பதில்தான் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மணலில் விரித்த வலைமேல் போடுகிறவர்கள் ஒரு பக்கம், இடுப்பு உயரத்தில் மூங்கிலும் பனைமட்டையும் கொண்டு பரண் கட்டிப் போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். பரணில் காற்று கீழிருந்தும் ஏறுவதால் சீராகக் காய்கிறது, மணலும் ஒட்டுவதில்லை. பனி இறங்கும் முன் தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் ஏறியதும் திறக்கிறார்கள். எட்டுக் கிலோ பச்சைப்பாசி ஒரு கிலோ ஆகும். ஈரம் 35 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கருவியெல்லாம் இல்லை, கையால் அழுத்திப் பார்ப்பதுதான் அளவு.

அழுத்திப் பார்க்கும் கை வியாபாரியுடையது. உள்ளூர் வியாபாரி வாங்கி குபாங்குக்கு அனுப்புவார். அங்கிருந்து சுரபாயாவுக்கோ மகாசாருக்கோ போய், பெரும்பகுதி சீனாவுக்கு ஏற்றுமதியாகிறது. பற்பசையிலும் ஐஸ்கிரீமிலும் சேரும் காரஜீனன் அதிலிருந்துதான். வியாபாரி கயிறும் அரிசியும் கடனாகக் கொடுத்திருப்பார், விற்கும்போது கழித்துக்கொள்வார். 2022இல் காய்ந்த பாசி கிலோ 40,000 ரூபியாவரை போனது, நம் பணத்தில் 200 ரூபாய்க்கு மேல். அந்த ஆண்டு தகரக் கூரை மாற்றிய வீடுகளை எனக்குக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே விலை பாதிக்கும் கீழே இறங்கியது. நல்ல விலை வரும்வரை மூட்டையை வைத்திருக்க யாராலும் முடிவதில்லை. பள்ளிக் கட்டணம் நிற்காது, சாவு வீட்டுச் செலவு நிற்காது. ஈரம் என்று சொல்லி எடை குறைப்பது வழக்கமான சண்டை. பரணில் காயவைத்த வீட்டுக்கு மட்டும் அந்தச் சண்டை வரவில்லை, மூட்டையைப் பிரித்ததும் விலை பேசி முடித்தார்கள்.

விலை விழுந்த வருஷம் என்ன செய்தீர்கள் என்று பல வீட்டில் கேட்டேன். பதில் ஒன்றுதான்: பனை. ரோத்தே முழுக்கப் பனை, நம் சாயல்குடிப் பக்கத்துப் பனங்காடுதான். காலையும் மாலையும் ஏறிச் சாறு இறக்குகிறார்கள், ஓலையில் மடித்த ஹாயிக் என்னும் பட்டையில் பிடிக்கிறார்கள். மண்ணில் தோண்டிய அடுப்பில் பனைமட்டையை எரித்துப் பாகு காய்ச்சி ஜாடியில் வைத்துக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகும் முன் அந்தப் பாகைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் மதியம்வரை தாங்கும். பன்றிக்கும் அதைத்தான் ஊற்றுகிறார்கள். வட்டமாக ஊற்றிய கருப்பட்டி சந்தைக்குப் போகிறது. கூடவே கொஞ்சம் மக்காச்சோளம், வீட்டைச் சுற்றி முருங்கை. தினமும் முருங்கைக் கீரைச் சாறும் மீனும் சாப்பிட்டேன். பாசி வந்தபின் பனை ஏறுவதை விட்ட வீடுகளும் இருக்கின்றன, விலை விழுந்தபோது கடனில் ஆழமாகப் போனவர்கள் அவர்கள். என் கணிப்பில் இந்த ஊருக்கு எதிர்காலம் உண்டென்றால் அது பாசியும் பனையும் சேர்ந்து நிற்பதில்தான் இருக்கிறது. நம் மாவட்டத்திலும் இரண்டும் இருக்கின்றன. ஆனால் இங்கே பனையேறிகள் வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், பாசிக் குழுவும் பனைத் தொழிலாளியும் ஒரே வீட்டில் இருப்பது அபூர்வமாகிவிட்டது. இதை நினைத்து அங்கே பல இரவு தூக்கம் வரவில்லை.

இளம் பிள்ளைகளுக்கு இது போதுமா என்றால், அங்கேயும் சண்டைதான். வீட்டின் மூத்த மகள் குபாங்கில் நுசா செண்டானா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்திருக்கிறாள். கட்டணம் முழுக்கப் பாசிக் காசு. ஊரில் அவள் படிப்புக்கு வேலை இல்லை. தம்பிக்கு மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குப் போக ஆசை, தாய் விடமாட்டேன் என்கிறார். ரோத்தே அடங்கிய கிழக்கு நுசா தெங்கரா மாகாணத்துக்கு, வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் சவப்பெட்டிகள் ஆண்டுக்கு நூறுக்கு மேல் திரும்பி வருகின்றன. பெரும்பாலோர் முறையான பத்திரம் இல்லாமல் தரகர் வழியாகப் போனவர்கள். தாய் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இன்னொரு பக்கம் கடற்கரை நிலத்தை விடுதிக்காக வெளியாட்கள் வாங்குகிறார்கள். விடுதியில் வேலை கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் பரண் கட்டவும் கொட்டகை போடவும் கரை வேண்டும், அது விற்றுப்போனால் பாசி எங்கே காயும்?

மகள் வைத்திருக்கும் யோசனை எனக்குப் பிடித்தது. 2014ஆம் ஆண்டின் கிராமச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு தேசாவுக்கும் மத்திய அரசு நேரடியாக நிதி தருகிறது. அதில் ஒரு கிடங்கும் ஈரமானியும் வாங்கி, ஊர்ப் பாசியை ஒன்றாகச் சேர்த்து வைத்து, குபாங் வியாபாரியிடம் நேரடியாக விலை பேச வேண்டும் என்கிறாள். ஊர்க் கூட்டத்தில் இரண்டு முறை பேசியிருக்கிறாள். சாலைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் முதலில் போகட்டும் என்றுவிட்டார்கள். கோடையில் கிணறு உப்புக் கரிக்கும் ஊரில் அதைத் தப்பென்றும் சொல்ல முடியவில்லை. மறுபடி பேசப்போகிறாள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்தி. டிசம்பர் முதல் மார்ச்வரை மழை, மேற்குக் காற்று. அப்போது பாசி காயாது, படகும் நம்ப முடியாது. மே மாதம் போவது நல்லது. பாஆவிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். விசா நீட்டிப்புக்காக குபாங்குக்கு ஒரு முறை கடல் தாண்டிப் போய்வர வேண்டியிருக்கும் என்று கணக்கில் வையுங்கள், கடைசி வாரம்வரை தள்ளாதீர்கள். மகள் நம் பெண்கள் மூன்று பேரைத் தங்கவைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள். பதிலுக்கு நம் மிதவை முறையை அவளுக்குக் காட்ட வேண்டும். வர விருப்பம் உள்ளவர்கள், பாஸ்போர்ட் இல்லையென்றால், இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.