மிளகாய்த்தூளைப் பிஸ்கட்டாக்கச் சொன்னார்கள்

அழைப்பு வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் பாரை மீன் வெட்டுவித்துக்கொண்டு நின்றேன். ஒரு விளம்பர ஏஜென்சியிலிருந்து ஒரு பெண், பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் கதைத்தார். எங்களுடைய ரயில் பாட்டு அவர்களுடைய பிஸ்கட் கொம்பனிக்காரருக்கு நன்றாகப் பிடித்துவிட்டதாம். ஒன்றரை லட்சம் ரூபாய் தருவார்களாம், 'ஃபுல் பையவுட்', அதாவது உரிமையை ஒரேயடியாக முழுதாக வாங்கிவிடுவது. அந்த நேரம் பார்த்து மீன்காரர் "தலையும் வேணுமோ?" என்று கேட்க, நான் "ஓம் ஓம்" என்றேன். அந்தப் பெண் அதைத் தனக்குச் சொன்ன பதிலாக எடுத்து, நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

பின்னேரம் மின்னஞ்சல் வந்தது. இரண்டு பக்கம்தான். நடுவில் ஒரு வரி: எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், கால எல்லை இல்லாமல். ஒன்றரை லட்சத்துக்கு. அதை மூன்று தரம் வாசித்தேன். உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு தரமும் ஒன்றரை லட்சம் என்ற இடத்தில்தான் கண் நின்றது.

பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக்கு 1990 இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் திரும்ப ஓடத் தொடங்கியது. அம்மா கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ஏறி யன்னல் ஓரத்தில் இருந்து, வவுனியா தாண்டினதும் கதைப்பதை நிறுத்திவிட்டார். திரும்பி வரும்போது மடியில் ஒரு பால்மா டின், அதற்குள் வறுத்து இடித்த மிளகாய்த்தூள். அந்த டின்னைப் பற்றியதுதான் பாட்டு. சொற்களை எழுதியவன் என் நண்பன், இப்போது ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கிறான். பாடியவர் கொட்டாஞ்சேனையில் ஒரு ஆசிரியை. தெஹிவளையில் என் அறைச் சுவரில் மெத்தையைச் சாத்திவைத்துப் பதிந்தோம். வயலினுக்கு ஒரு பல்கலைக்கழக மாணவன் வந்தான். மிக்ஸ் பண்ணியவர் நுகேகொடையில் ஒரு சிங்கள நண்பர். எல்லாருக்கும் சம்பளம் அன்று இரவு சாப்பிட்ட கொத்துரொட்டி. ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதவில்லை.

அந்த எழுதாத கடதாசிதான் பிறகு ஆறு வாரத்தைத் தின்றது.

புதுக்கடையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மூத்த சட்டத்தரணி இருக்கிறார். மின்னஞ்சலை நீட்டினேன். முதலில் சொன்னது, தொலைபேசியில் சொன்ன "ஓம்" செல்லாது என்று. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமையைக் கைமாற்றுவதானாலும் அனுமதி கொடுப்பதானாலும் எழுத்தில் இருக்கவேண்டும், இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்கவேண்டும். மீன்காரர் என்னைக் கவிழ்க்கவில்லை. பிறகு கேட்டார்:

"தம்பி, நீர் இதை விக்கப் போறீரோ, வாடகைக்குக் குடுக்கப் போறீரோ?"

எனக்கு வித்தியாசம் விளங்கவில்லை.

"உம்மட வீட்டு அனெக்ஸை யோசியும். எத்தனை மாசம், எத்தனை பேர் இருக்கலாம், சுவரில ஆணி அடிக்கலாமோ, எல்லாம் முதலே எழுதித்தானே குடுப்பீர். இவை கேக்கிறது அனெக்ஸ் இல்லை. காணி உறுதியையே கேக்கினம்."

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது என்பதை முப்பத்தெட்டு வயதில் அந்த மேசைக்கு முன்னால்தான் நான் ஒழுங்காக விளங்கிக்கொண்டேன். சொல்லும் மெட்டும் ஒன்று. அதைப் பதிந்த ஒலிப்பதிவு, நாங்கள் மாஸ்டர் என்கிறோமே, அது இன்னொன்று. விளம்பரக்காரருக்கு இரண்டுக்கும் அனுமதி வேண்டும். சொல்லுக்கு நண்பன், மெட்டுக்கு நான். ஒலிப்பதிவுக்குச் செலவழித்தவன் நான் என்றாலும், பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தங்கள் குரலிலும் வாசிப்பிலும் தனி உரிமை உண்டு. ஆகவே கொத்துரொட்டி சாப்பிட்ட அத்தனை பேரும் கையெழுத்து வைக்கவேண்டும். பதிப்புரிமைக்கு எங்கேயும் போய்ப் பதிவு செய்யத் தேவையில்லை, பாட்டு உருவானபோதே அது எங்களுடையது. ஆனால் எங்களுக்குள் யாருக்கு எவ்வளவு என்பதை நாங்கள்தான் எழுதவேண்டும். உங்களிடம் ஒரு பாட்டு இருந்தால், யாரும் கேட்டு வருவதற்கு முன்பே இந்தக் கடதாசியை எழுதிவிடுங்கள். காசு மேசைக்கு வந்த பிறகு பங்கு பிரிப்பது அண்ணன் தம்பிக்கே சரிவராது.

இன்னொரு சிக்கலை அவர்தான் கண்டுபிடித்தார். பாட்டின் தொடக்கத்தில் அம்மம்மா பாடிய தாலாட்டு இரண்டு வரி வரும், பழைய கசெற்றிலிருந்து எடுத்தது. "இது ஆர் எழுதினது?" என்றார். ஆருக்குத் தெரியும்? நாட்டார் பாட்டு. அதே சட்டத்தில் நாட்டார் வழக்காறுகளுக்கும் பாதுகாப்பு இருக்கிறது, வியாபாரத்துக்கு எடுப்பதானால் தனி அனுமதி தேவைப்படலாம் என்றார். அம்மம்மாவின் குரலைப் பிஸ்கட்டுக்குக் கொடுக்காமல் விடுவதற்கு எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. அந்த வரிகளை ஒப்பந்தத்திலிருந்து வெட்டினோம்.

பிறகு பேரம். நான் திருத்தி அனுப்பியது இவ்வளவுதான்: ஒரு வருடம், இலங்கை மட்டும், தொலைக்காட்சி, வானொலி, இணையம். முப்பது செக்கன் ஒன்று, அதிலிருந்து வெட்டின பதினைந்து செக்கன் ஒன்று. அந்த ஒரு வருடம் வேறு பிஸ்கட்டுக்குக் கொடுக்கமாட்டோம், ஆனால் வங்கிக்கோ சவர்க்காரத்துக்கோ கொடுக்கலாம். கட்சி விளம்பரத்துக்கு ஒருபோதும் பாவிக்கக்கூடாது. சொற்களை மாற்றக்கூடாது. தொகை ஆறு லட்சம். நாலில் நிற்கும் என்று தெரிந்துதான் ஆறு கேட்டேன், நாலில்தான் நின்றது.

சண்டை காசில் வரவில்லை. "சொற்களை மாற்றக்கூடாது" என்ற வரியில் வந்தது.

கொள்ளுப்பிட்டியில் அவர்களுடைய அலுவலகத்தில், குளிரூட்டி நடுங்க வைக்கும் ஒரு அறையில் கூட்டம். ஆறு பேர். தமிழ் தெரிந்தவர் ஒருவர், அவரும் மொழிபெயர்ப்புக்கு வந்தவர், என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தபடி இருந்தார். கேட்டது மிகச் சின்ன விஷயமாம். 'மடியில மிளகாய்த்தூள்' என்று வருகிற இடத்தில் 'மடியில பிஸ்கட்டு'. தாளமும் பொருந்துகிறது என்று ஒருவர் மேசையில் தட்டிக் காட்டினார். பொருந்தத்தான் செய்தது, அதுதான் எரிச்சல்.

ரொறன்ரோவில் நண்பனுக்குக் காலை, எனக்கு இரவு. சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மச்சான், யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு ஆரடா பிஸ்கட் கொண்டு வாறது?"

அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை. படைத்தவருக்குத் தன் பெயரைக் கேட்கவும், படைப்பைச் சிதைத்தால் மறுக்கவும் இருக்கிற தார்மிக உரிமை நண்பனுக்கும் இருக்கிறது, அவன் மறுக்கிறான் என்று எழுதி அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு அந்தப் பெண் அழைத்து, மிகவும் அன்பாக, சரிவராவிட்டால் இதே மாதிரி ஒன்றை வேறு ஆட்களைக் கொண்டு செய்வித்துக்கொள்வோம் என்றார்.

மிக்ஸ் பண்ணிய நண்பர் ரொக் இசைப் பைத்தியம். அவர் டொம் வெய்ட்ஸ் கதையைச் சொன்னார். விளம்பரத்துக்குப் பாடவே மாட்டேன் என்று நின்ற ஆள். 1988 இல் ஒரு சிப்ஸ் விளம்பரத்துக்கு அவருடைய கரகரத்த குரலைப் போலவே பாடும் ஒருவரைப் பிடித்துப் பாடவைத்தார்கள். அவர் வழக்குப் போட்டு ஏறக்குறைய 25 லட்சம் டொலர் வென்றார், 1992 இல் மேன்முறையீட்டிலும் அது பெருமளவுக்கு நிலைத்தது. "அது கலிபோர்னியா, இது கொழும்பு" என்றேன். அவர் இன்னொன்றையும் எடுத்தார்: த டோர்ஸ் குழுவின் டிரம்ஸ்காரர் ஜோன் டென்ஸ்மோர், கார் விளம்பரத்துக்கு வந்த 150 லட்சம் டொலரை வேண்டாம் என்றவர். பாடிய ரீச்சர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவரிட்ட முதலே காசு இருந்திருக்கும்" என்றார். ரீச்சர் அந்த வருடம் தம்பியின் விசாவுக்குக் காசு தேடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவர்களே இறங்கி வந்தார்கள். மிளகாய்த்தூள் வருகிற வரி முப்பது செக்கனுக்குள் வராதபடி வெட்டினார்கள். சொல்லை மாற்றவில்லை, வெட்டியதுதான். சிங்கள விளம்பரத்துக்கு வாத்திய இசை மட்டும் கொடுத்தோம். எங்கள் நாட்டில் பெரும்பாலும் சிங்கள விளம்பரத்தைப் பிடித்துத் தமிழாக்குவார்கள், கேட்டால் தமிழ் மாதிரியே இருக்காது. இந்த முறையாவது தமிழ் முதலில் வந்தது என்று எனக்குள் ஒரு சின்ன சந்தோசம். அதை ஏஜென்சிக்குக் காட்டவில்லை.

கையெழுத்து நாளில் பாதிக் காசு வந்தது, 5 வீதம் வரி பிடித்துக்கொண்டு. பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், தானாகத் தரமாட்டார்கள். மிச்சப் பாதி விளம்பரம் போய் 45 நாளில் என்று எழுதியிருந்தது, நாலு மாதம் சென்றது. ஒவ்வொரு திங்களும் ஒரு மின்னஞ்சல், திட்டாமல்.

விளம்பரம் இரவுச் செய்திக்கு நடுவில் முதல் தடவை போனது. அம்மாவுக்குப் புளுகம், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அடுத்த நாள் காலை பேஸ்புக்கைத் திறந்தேன். யாரோ எங்கள் பழைய வீடியோவைப் பகிர்ந்து மேலே ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: 'விலைபோனவன்.'

ஆங்கிலப் பாட்டுக்காரருக்கு இந்த மாதிரி வசை வந்தால் அதற்குள் இருப்பது ரசிகனின் ஏமாற்றம். 1987 இல் பீட்டில்ஸ் பாட்டு சப்பாத்து விளம்பரத்தில் வந்தபோது உலகமே கத்தியதாம், பிறகு அடங்கியது. எங்களுக்கு அந்தச் சொல் வேறு. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் ஒரு மனிதரை அப்படிச் சொன்னால் வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட சிலர் பிறகு வீடு திரும்பவில்லை. அதே சொல்லை ஒரு பிஸ்கட்டுக்காக, சிரிக்கிற முகக்குறி ஒன்றோடு, என் பெயருக்குப் பக்கத்தில் பார்த்தபோது கோபம் வரவில்லை. அடிவயிறு குளிர்ந்தது. எழுதியவருக்கு இருபது வயது இருக்கும்.

கீழே எழுதினவர்களில் ஒருவர் மட்டும் யோசிக்க வைத்தார். 'உங்கட அம்மாவின்ர டின்தான், ஆனா அந்த ரயிலுக்காக எங்கட அம்மாவும் இருபத்திநாலு வருசம் காத்திருந்தவ. அவவிட்டயும் கேட்டீங்களோ?' என்று. அனெக்ஸ், காணி உறுதி என்று நான் படித்த எதிலும் அதற்குப் பதில் இல்லை. 'கேட்கவில்லை' என்று மட்டும் எழுதினேன். அவர் ஒரு விருப்பக்குறி போட்டார்.

மாமா ஒருவர் எனக்காக வாதாட வந்தார். ரேடியோ சிலோன் வர்த்தக சேவை 1950 இலேயே தொடங்கியது, அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவையெல்லாம் விளம்பரத்தின்ர உப்பைத் திண்டவைதான் என்றார். ரஹ்மான் படத்துக்கு இசையமைக்க முதல் எத்தனை ஜிங்கிள் போட்டவர் என்றார். சரிதான். ஆனால் ஜிங்கிள் பொருளுக்காகவே பிறக்கிறது, அதில் ஒளிவுமறைவு இல்லை. எங்கள் பாட்டு டின்னுக்காகப் பிறந்து பிஸ்கட்டுக்குப் போனது. அந்த வித்தியாசத்தை மாமாவிடம் சொல்லவில்லை, அவர் நல்ல மனிதர்.

காசு பங்கிட்டோம். நண்பன் தன் பங்கில் பாதியை வயலின் வாசித்த மாணவனுக்குக் கொடுக்கச் சொன்னான். என் பங்கில் ஒரு நல்ல மைக் வாங்கினேன், மெத்தை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. வருடம் முடிந்த பிறகும் யூடியூபில் விளம்பரம் கிடந்தது. திகதியைக் காட்டி எழுதினேன், இரண்டாம் கடிதத்துக்கு எடுத்துவிட்டார்கள். இதற்காகவாவது முடிவுத் திகதியைத் தெளிவாக எழுதிவையுங்கள்.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நிகழ்ச்சி. ரயில் பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தோம். ரீச்சர் பல்லவியை முடித்து மூச்செடுக்க நிறுத்தினார். அந்த இடைவெளியில்தான் விளம்பரத்தில் அறிவிப்பாளரின் குரல் வரும். முன்வரிசையில் ஆறு ஏழு வயதில் ஒரு பிள்ளை, அவளுக்குத் தெரிந்த பாட்டு அதுதான், சரியாக அந்த இடத்தில் பிஸ்கட்டின் பெயரை உரத்துச் சொன்னாள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. தாயார் வெட்கப்பட்டு அவளுடைய வாயைப் பொத்தினார். ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன். ரீச்சர் மிளகாய்த்தூள் வரியை எடுத்தார்.