மூன்று நாள் வராவிட்டால்

திருகோணமலையில், உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில் ஒரு நடுத்தர ஹோட்டலில் ஆட்களைப் பார்க்கிற வேலை எனக்கு. ஆள் எடுப்பது, ரோஸ்டர் போடுவது, சம்பளக் கணக்கு, லீவு, குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் வருகிற சண்டை, எல்லாம் ஒரே மேசையில்தான். பெரிய ஹோட்டல்களில் இதற்கென்று ஒரு பிரிவே இருக்கும். எங்களிடம் நானும் ஒரு இரும்பு அலுமாரியும் இருக்கிறோம். அந்த அலுமாரியின் மேல் தட்டில் ஒரு தடித்த ஃபைல். உள்ளே முழுக்க ஒரே கடிதம்தான், பெயரும் திகதியும் மட்டும் மாறும்: முன்னறிவித்தல் இன்றி மூன்று நாட்கள் வேலைக்குச் சமுகமளிக்காதபடியால் தாங்களாகவே வேலையிலிருந்து விலகியதாகக் கருதப்படுகிறீர்கள். கீழே என் கையெழுத்து.

அதில் ஒரு கடிதம் கும்புறுப்பிட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்திக்குப் போனது. ரூம் துப்பரவாக்கும் வேலை. இரண்டு குழந்தைகள், கணவர் கரைவலைக்குப் போகிறவர். கட்டில் விரிப்பின் நாலு மூலையையும் மடித்து உள்ளே தள்ளிவிட்டு, பிறகு உள்ளங்கையால் ஒரே இழுவையாக நடுவில் இழுத்துவிடுவாள், ஒரு சுருக்கு நிற்காது. பதினொன்றரைக்குள் பன்னிரண்டு அறை முடிந்திருக்கும். ஆகஸ்ட் மாதம், ஒரு அறை காலி இல்லை, அந்த நேரம் பார்த்து அவள் வரவில்லை. போன் எடுத்தால் ஓஃப். நாலாம் நாள் காலமை கடிதத்தை அடித்துக் கையெழுத்து வைத்தேன். கோபத்தோடுதான் வைத்தேன், அதை மறைக்கத் தேவையில்லை.

ஏன் வரவில்லை என்பது இரண்டு மாதம் கழித்து லோண்ட்ரியில் நிற்கிற அக்கா சொல்லித்தான் தெரியும். நுண்கடன். செவ்வாய்க்கிழமை காசு கட்ட வேண்டும். அந்தக் கிழமை நாலாயிரம் ரூபா குறைந்துவிட்டது, சின்னவனுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் செலவாகியிருந்தது. காசு சேர்க்க வருகிற தம்பி விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டான், கட்டும்வரை எழும்ப மாட்டானாம். குழுக்கடன் என்றபடியால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு, அவர்களும் வந்து முற்றத்தில் நின்றிருக்கிறார்கள். இவள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய் ஒளிந்திருக்கிறாள், போனையும் நிறுத்திவிட்டு. இங்கே இது புதுக்கதை இல்லை. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பட்டிருந்த, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பெடுத்தது, திருகோணமலையும் அதில் ஒன்று. அதற்குப் பிறகும் விறாந்தைக் கதிரை போகவில்லை.

நாலாயிரம் ரூபா. அவளுக்குப் பதிலாக எடுத்த ஆளைப் பழக்க ஒரு மாதம் போனது, அந்த மாதத்தில் மற்ற மூன்று பேருக்கும் ஓவர்டைம் கொடுத்தோம், ஒரு விருந்தாளி தலையணை உறையில் தலைமயிர் கிடந்ததைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார். கணக்கு எனக்கே வெட்கமாக இருந்தது. அவளைக் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். கொடுத்திருப்பேன், ஆனால் அவள் கேட்டிருக்க மாட்டாள். சம்பளம் வெட்டுகிறவனிடம் போய்க் கடன்காரன் வீட்டில் இருக்கிறான் என்று யார் சொல்வார்கள்?

அந்தச் சீசன் முடிந்த கையோடு வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ரெப்பிட்ஸ் என்கிற ஊரின் கதை கண்ணில் பட்டது. 2003 அளவில் அங்கே சில தொழிற்சாலைகள் சேர்ந்து, தங்கள் தொழிலாளர்களுக்கு உதவவென்று பொதுவாக ஓர் இடத்தை நடத்தத் தொடங்கியிருக்கின்றன. ஒரு கொம்பனிக்குத் தனியாக வைக்கக் கட்டாத ஆளைப் பலர் சேர்ந்து வைக்கிறார்கள், அந்த ஆள் எல்லா இடத்துக்கும் முறை வைத்துப் போகிறார், பிள்ளை பராமரிப்பு, வாகனம், வாடகை, அரசாங்க உதவி என்று வேலைக்கு வெளியே இருந்து வேலையை முறிக்கிற விஷயங்களைப் பார்க்கிறார். வெர்மொன்ட் மாநிலத்தில் ரைனோ ஃபூட்ஸ் என்று ஒரு உணவுக் கொம்பனி, 2007இல் இருந்து ஒரு கடன் கூட்டுறவோடு சேர்ந்து தொழிலாளிக்கு அவசரத்துக்கு ஆயிரம் டொலர் வரை அன்றைக்கே கிடைக்கச் செய்கிறது. சம்பளத்தில் கழித்து அடைபட்ட பிறகு, விரும்பினால் அதே கழிவு சேமிப்பாகத் தொடரும். கடைசி விஷயம்தான் எனக்குப் பிடித்தது. கடன் கட்டிப் பழகின கைக்கு அந்தக் காசு ஏற்கெனவே இல்லாத காசுதானே.

சரி, இதை உப்புவெளியில் செய்ய முடியுமா? பக்கத்து மூன்று ஹோட்டல்களோடு கதைத்தேன். நாங்கள் நாலு பேரும் வெளியே சிரிப்போம், மே தொடங்கி செப்டெம்பர் வரை ஒருவருடைய சமையல்காரரை மற்றவர் இழுப்போம். அதே பத்துப் பதினைந்து பேர்தான் இந்தக் கடற்கரையில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். முதல் கூட்டத்தில் ஒரு முதலாளி கேட்டார், "எங்கட ஆட்கள் எல்லாரும் ஒண்டாச் சேர்ந்தால் சம்பளத்தைக் கதைக்க மாட்டாங்களா?" கதைப்பார்கள் என்று சொன்னேன். அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பப் பார்த்தார், பிறகு இருந்துவிட்டார், அவருடைய இடத்தில் அந்த வருடம் ஐந்து பேர் போயிருந்தார்கள்.

இந்த வேலைக்குச் சமுர்த்தியில், அதாவது அரசாங்கத்தின் வறியோர் உதவித் திட்டத்தில், இருந்து ஓய்வு பெற்ற ஒரு அன்ரியைப் பிடித்தோம். பிரதேச செயலகத்தில் எந்த மேசையில் எந்தக் கடதாசி நிற்கும் என்று அவருக்குத் தெரியும், சிங்களமும் தெரியும், அது இங்கே பெரிய விஷயம். கிழமையில் நாலு நாள், நாளுக்கு ஒரு ஹோட்டல், செலவு நாலாகப் பிரிப்பு. அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தான் குறித்துவைக்கிற கொப்பியைக் கேட்கக்கூடாது. எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்வேன், யார் என்ன கதைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அப்போது அது கொஞ்சம் கூடுதலாகப் பட்டது.

ஒபிசில் இடம் கொடுத்தேன், வேண்டாம் என்றார். லோண்ட்ரிக்குப் பின்னால், துணி காயப்போடுகிற கம்பிகளுக்குப் பக்கத்தில் வேம்புக்குக் கீழ் ஒரு பிளாஸ்டிக் கதிரை. முதல் மூன்று கிழமையும் ஒரு சனமும் போகவில்லை. அன்ரி துவாய் மடித்துக்கொண்டிருந்தார். நாலாம் கிழமை தோட்டவேலை ஐயா போனார், மகனின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் பிழையாம், அதனால் அடையாள அட்டை எடுக்க முடியவில்லையாம். இந்த ஒரு பிழைக்காக அவர் எத்தனையோ அரைநாள் லீவு எடுத்திருந்தார், நான் அவரைக் குடிகாரர் என்று நினைத்திருந்தேன். அது சரியான பிறகு கதிரைக்கு எதிரே இன்னொரு கதிரை போடவேண்டி வந்தது.

அடுத்தது வாகனம். ஆறு மணிக்கு ஷிஃப்ட், காலமைப் பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் ஓட்டோ, ஓட்டோவுக்குக் கொடுத்தால் அன்றைய கூலியில் பாதி போய்விடும், அப்படியான நாளில் வராமலே விடுவதுதான் அவர்களுக்கு இலாபம், இது எனக்கு விளங்க வருடக்கணக்கு எடுத்தது. கிண்ணியாப் பக்கத்தில் இருந்து வருகிற வயதான சமையல்காரர் ஒருவர், 2009இல் பாலம் திறக்கும் வரைக்கும் பாதையில், அதுதான் தண்ணீரைக் கடக்கிற மிதவையில், ஏறித்தான் ரவுனுக்கு வந்ததாகவும், பாதை பிந்தினால் முதலாளி நம்புவார், பஸ் பிந்தினால் நம்புவதில்லை என்றும் சொல்லிச் சிரிப்பார். நாலு ஹோட்டலும் சேர்ந்து ஒரு வானை மாதக் கணக்குக்குப் பேசினோம். காசு பிரச்சினை இல்லை, ரோஸ்டர்தான் பிரச்சினை. எல்லோரும் ஷிஃப்ட்டை ஒரே நேரத்தில் தொடங்கவேண்டும், ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாடு ஆறரைக்கு, இன்னொன்றில் புறாத்தீவுக்குப் படகில் போகிறவர்களுக்கென்று இன்னும் வெள்ளென. இரண்டு மாதம் சண்டை பிடித்தோம்.

கடன் விஷயத்தில் நாங்கள் காசு கொடுப்பதில்லை. சிக்கன கடனுதவி கூட்டுறவுச் சங்கம் ஒன்று கொடுக்கும், ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் இல்லை, அன்ரியின் கையெழுத்தோடு போனால் அலைச்சல் குறைவு, நாங்கள் சம்பளத்தில் கழித்துக் கட்டுவோம். ஒரு பெடியன் கடன் எடுத்து இரண்டாம் மாதமே கட்டாருக்குப் போய்விட்டான். சங்கத் தலைவர் என்னைக் கண்டால் இப்போதும் "கட்டார் எப்படி?" என்று கேட்பார்.

நான் எதிர்பார்க்காதது ஊழியர் சேமலாப நிதி, ஓய்வு காலத்துக்கென்று சேர்கிற காசு. சம்பளத்தில் 8 வீதம் அவர்களிடம் கழிக்கிறோம், 12 வீதம் நாங்கள் போடுகிறோம், மாதா மாதம் நானே கட்டுகிறேன், ஆனால் அது அவர்களுக்கு எட்டாத காசு என்றே இருந்துவிட்டேன். எங்கள் குசினியில் ஒருவர், மூன்று ஹோட்டல் மாறினவர், பதினாலு வருடக் கட்டுப்பணம், கூரை ஒழுகுகிற வீடு. பத்து வருடம் கட்டி, கணக்கில் மூன்று இலட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம் என்று அன்ரி சொல்லித்தான் அவர் எடுத்தார். அதற்கு வேண்டிய சேவைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான், இப்படி ஒன்று இருப்பதை அவருக்குச் சொல்லாதவனும் நான்.

எல்லாம் நல்லாகப் போனது என்று எழுத முடியாது. மாரி வந்து அறைகள் காலியானதும் ஒரு ஹோட்டல் தன் பங்கை நிறுத்தியது, பங்கு மூன்றாகி, அன்ரி மூன்று நாளானார். எங்கள் முதலாளி ஒருநாள் மெல்லக் கேட்டார், அந்தக் கொப்பியில் என்னதான் இருக்கு என்று. தெரியாது என்றேன், நிபந்தனையின் அருமை அன்றைக்குத்தான் புரிந்தது, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. சம்பளக் கதையும் உண்மையாகவே வந்தது. வானுக்குள் நாலு ஹோட்டல் ஆட்களும் ஒன்றாக இருந்தால் சேர்விஸ் சார்ஜ் யாருக்கு எவ்வளவு என்று கதைக்காமல் என்ன செய்வார்கள்? எங்களுடையதுதான் குறைவு என்று தெரிந்துவிட்டது, ஒரு மாதத்துக்குள் கூட்டவேண்டி வந்தது. இந்தத் திட்டத்தில் ஆட்களை வேலையில் நிறுத்தி வைத்தது அன்ரியா, வானா, அந்தக் கூட்டின காசா என்று கேட்டால், காசு என்றுதான் என் எண்ணம், ஆனால் வான் இல்லாமல் அது நடந்திருக்காது.

கும்புறுப்பிட்டிப் பிள்ளைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தேன். எங்களிடம் வர விருப்பமில்லை என்று சொல்லிவிட்டாள். போன சீசனில் இருந்து இரண்டு வாசல் தள்ளியுள்ள ஹோட்டலில் நிற்கிறாள், அதே வானில்தான் வருகிறாள். வான் முதலில் எங்கள் கேட்டில் நிற்கும், எங்களுடையவர்கள் இறங்குவார்கள், நான் ரோஸ்டர் கொப்பியோடு வெளியே நிற்பேன். பின் ஆசனத்தில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். ஒருநாள் ஜன்னலைத் திறந்து, "சேர், அந்தக் கடிதம் இன்னும் ஃபைல்ல இருக்கா?" என்று கேட்டாள். இருக்கு என்றேன். "இருக்கட்டும்" என்று சொன்னாள், வான் எடுபட்டது.