அஞ்சு பாயிண்டும் ரெண்டு டயர் கம்பெனியும்

"ஆறு கார் மட்டும் ஓடின ரேஸ்ல நாலாவது வந்ததெல்லாம் ஒரு பெருமைங்களாண்ணா?"

இந்தியாவோட முதல் பார்முலா ஒன் டிரைவர் நரேன் கார்த்திகேயன் பேச்சு வந்தால் போதும், எங்க வீல் அலைன்மென்ட் கடைப் பையன் இதைக் கேட்காமல் விடமாட்டான். அந்த ரேஸ் நடந்தப்போ அவன் பால்வாடியில் இருந்திருப்பான். யூடியூப்ல பார்த்துட்டு வந்து நம்மகிட்ட அளக்கிறான். அவனுக்காகத்தான் இந்தப் பதிவு.

2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ். அந்த வருஷம் பார்முலா ஒன்னில் பத்து டீம். மிஷலின் டயர் ஏழு டீமுக்கு, பிரிட்ஜ்ஸ்டோன் மூணுக்கு: ஃபெராரி, ஜோர்டன், மினார்டி. நம்ம நரேன் ஜோர்டன்ல. வெள்ளிக்கிழமை பிராக்டீஸ்ல டர்ன் 13-ல் ரால்ஃப் ஷூமாக்கரோட டொயோட்டா, இடது பின் டயர் போய் சுவத்துல அடிச்சது. அந்த வளைவு சாய்வானது, சுமார் 9 டிகிரி. ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சபடியே போகணும். வலது பக்கம் திரும்புறதால காரோட பாரம் மொத்தமும் இடது பின் டயர் தலையில் இறங்கும். ஓவல் ரேஸ் நடக்கிற தடம் அது. அப்போ பார்முலா ஒன்னில் வேற எங்கேயும் டயருக்கு இந்த மாதிரி உதை கிடையாது.

அந்த டயரை வைத்து அங்கே முழு ரேஸ் ஓட்டக்கூடாது என்று மிஷலினே சொல்லிவிட்டது. வளைவுக்கு முன்னால ஒரு சிக்கேன் (வேகத்தைக் குறைக்க வைக்கிற நெளிவு) போடுங்கன்னு கேட்டாங்க, விதி போடுற உலக அமைப்பான எஃப்ஐஏ முடியாதுன்னுடுச்சு. ரேஸுக்கு முன்னாடி மெதுவா ஓட்டுற ஃபார்மேஷன் லேப் முடிஞ்சதும் 14 கார் வரிசையா பிட்டுக்குள்ள நுழைஞ்சுது. மிச்சம் ஆறு. முடிவுல மைக்கேல் ஷூமாக்கர், பாரிகெல்லோ, மான்டெய்ரோ, நாலாவது நரேன். அஞ்சு பாயிண்ட்.

அதிர்ஷ்டம்தான், இல்லைங்கல. ஆனா பிரிட்ஜ்ஸ்டோனோட சொந்தக் கம்பெனியான ஃபயர்ஸ்டோன், மூணு வாரம் முன்னாடிதான் இண்டி 500-ங்கிற அமெரிக்க ரேஸுக்கு அதே ஓவல்ல டயர் கொடுத்திருந்தது. அந்தத் தரை டயரை என்ன செய்யும்னு ஒரு வீட்டுக்குத் தெரியும், இன்னொரு வீட்டுக்குத் தெரியாது. டயர் சப்ளையரைத் தேர்ந்தெடுக்கிறதுன்னா, ரப்பரை மட்டும் வாங்குறதில்லை. அந்தக் கம்பெனி வேற எங்கெங்க ஓடுது, யாருக்காக யோசிக்குதுங்கிறதையும் சேர்த்துத்தான் வாங்குறோம்.

இந்த 'யாருக்காக' இருக்கே, அங்கதான் விஷயமே. பிரிட்ஜ்ஸ்டோன் அப்போ ஃபெராரிக்காகவே டயர் செஞ்சுது. ஃபெராரிக்குச் சொந்தமா ஃபியோரானோவில் டிராக், டெஸ்டிங்குக்குப் பெரிய கட்டுப்பாடு கிடையாது, நாள் முழுக்க ஓட்டி ஒவ்வொரு காம்பவுண்டா (ரப்பர் கலவை) கழிச்சுக்கட்டலாம். 2004-ல் 18 ரேஸில் 15 ஜெயிச்சாங்க. அதே டயரை ஜோர்டன் மாட்டினா, மூத்தவன் அளவுக்குத் தைச்ச சட்டையைத் தம்பி போட்ட கதைதான்.

அந்தப் பக்கம் மிஷலின்ல மெக்லாரன், வில்லியம்ஸ், ரெனோன்னு பெரிய தலைங்க மூணு. யாருக்கும் தனிச் சலுகை கிடையாது, ஆனா எல்லா கார்லேருந்தும் தகவல் வந்து குவியும். 2003-ல் ஐந்தாவதா முடிச்ச பிஏஆர் டீம், அடுத்த வருஷம் பிரிட்ஜ்ஸ்டோனை விட்டு மிஷலினுக்குப் போய் ரெண்டாவது வந்துது. காரும் நல்ல கார்தான், ஆனா டயர் மாறாம அது நடந்திருக்கும்னு எனக்குத் தோணலை. இதைவிட வேடிக்கை சாபர் டீம். இன்ஜின் ஃபெராரிகிட்ட, 2005-ல் டயர் மட்டும் எதிர்முகாம்ல!

அந்த வருஷம், டயர் பழுதானாலொழிய ரேஸ் நடுவுல மாத்தக் கூடாதுன்னு விதி. யார் எந்த இடத்துலேருந்து கிளம்புறதுன்னு முடிவு பண்ற குவாலிஃபையிங்குக்கும் ரேஸுக்கும் ஒரே செட். வேகமா ஓடித் தேயிற டயர்ல கெட்டிக்காரங்களான பிரிட்ஜ்ஸ்டோன் இங்க மாட்டிக்கிச்சு. கொஞ்ச தூரம் பிடிச்சு நிக்கிறதும் கடைசி வரைக்கும் தாங்குறதும் வேற வேற வித்தை. ஃபெராரி 19 ரேஸில் ஒன்னே ஒன்னு ஜெயிச்சுது, அதுவும் இந்த இண்டியானாபோலிஸ்தான். அடுத்த வருஷம் டயர் மாத்தலாம்னு விதி திரும்பிச்சு. அதே டீம், அதே சப்ளையர், ஒன்பது வெற்றி.

மிஷலினுக்கும் அந்த 2005 விதி விளையாட்டா இல்லை. நியூர்பர்க்ரிங்ல மெக்லாரன் ஓட்டின ரைக்கோனனோட முன் சக்கரம் பிரேக் பிடிச்சதுல பூட்டி, டயர் ஒரு இடத்துல தட்டையாத் தேஞ்சு போச்சு. மாத்த உள்ள வந்தா முதலிடம் போயிடும். அந்த அதிர்வோடவே ஓட்டினார், கடைசி லேப்ல சஸ்பென்ஷன் ஒடிஞ்சு கார் தெறிச்சுது. ரெனோவோட அலோன்ஸோ ஜெயிச்சார்.

நம்ம கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்குக்குப் போனா, பிட்ல நிக்கிற மெக்கானிக்கைக் கவனியுங்க. கார் நின்னதும் ஊசி மாதிரி ஒரு தெர்மாமீட்டரை டயர்ல குத்துவார். உள்பக்கம், நடு, வெளிப்பக்கம்னு மூணு இடம். பலகையில மூணு நம்பர். நடுவுல மட்டும் சூடு ஏறியிருந்தா காத்து அதிகம், உள்பக்கம் ரொம்ப ஏறியிருந்தா கேம்பர், அதாவது சக்கரம் உள்பக்கமா சாயுற சாய்வு, அதிகம். சூடா இருக்கிற ஸ்லிக்ல (வரிப்பள்ளம் இல்லாத ரேஸ் டயர்) நகத்தை வெச்சு அழுத்திப் பார்த்தா தடம் பதியும், ஓரத்துல ரப்பர் சுருள் சுருளா ஒட்டியிருக்கும். டயர் மாறினா இந்தக் கணக்கு முழுக்க மாறும். சஸ்பென்ஷன், காத்து, கேம்பர் எல்லாத்தையும் முதல்லேருந்து தொடங்கணும். இந்த வேலை தெரிஞ்சவன் சப்ளையரை அவ்வளவு சுலபமா மாத்த மாட்டான்.

டொயோட்டாவும் வில்லியம்ஸும் மாத்தினாங்க. 2006-ல் ரெண்டு பேரும் மிஷலினை விட்டு பிரிட்ஜ்ஸ்டோனுக்கு வந்தாங்க. ஃபெராரி ஓட்டின அதே கம்பெனி டயர்தான். டொயோட்டா சீசன் நடுவுல, மொனாக்கோவில், முன் சஸ்பென்ஷனையே புதுசாக்கி இன்னொரு கார் கொண்டு வந்துது. ரெண்டு டீமுக்கும் அந்த வருஷம் ஒரு வெற்றிகூட இல்லை. வருஷக் கடைசியில மிஷலின் மூட்டை கட்டிட்டுப் போயிடுச்சு. 2007-லேருந்து எல்லாருக்கும் பிரிட்ஜ்ஸ்டோன், 2011-லேருந்து பைரெல்லி.

எங்க பையன் இன்னும் ஒத்துக்கலை. "அப்ப நரேன் நல்ல டயர் மாட்டினாருன்னு சொல்றீங்க, அவ்வளவுதானேண்ணா?" என்கிறான். ஆமாடா, அவ்வளவுதான். மிச்ச 14 பேர்கிட்ட அது இல்லை.